கோப்பைத் திறப்பதற்கு முன்: சி மொழிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாமாவின் மளிகைக் கடையில் யார் எவ்வளவு பற்று வைத்திருக்கிறார்கள் என்பதைக் குறித்துவைக்க, கல்லூரி இரண்டாம் ஆண்டில் சி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாள் காலை நிரலை ஓட்டியபோது முந்தைய நாள் எழுதிய பற்று முழுவதும் அழிந்து, கோப்பு வெறுமையாகக் கிடந்தது. வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கணக்கைத் திரும்ப எழுத நான்கு நாள்கள் ஆயின. கோப்பைத் திறக்கும் வரியில் நான் போட்டிருந்த ஒரே ஓர் எழுத்துதான் காரணம் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நான்கு நாள்கள் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எஃப்ஓப்பன், எஃப்கெட்ஸ், எஃப்குளோஸ் என்று வருபவற்றை உங்கள் நிரலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். நல், ஈஓஎஃப், ஃபைல் என்னும் மூன்றை மட்டும் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணச் செலவு எதுவும் இல்லை. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் இலவசம். உபுண்டு வைத்திருப்பவர்கள் பில்ட்-எசென்ஷியல் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். விண்டோஸில் மிங்ஜிடபிள்யூ சேர்ந்து வரும் கோட் பிளாக்ஸ் போதுமானது. எதைப் பயன்படுத்தினாலும் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும்படி கம்பைலரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் கீழே வரும் தவறுகளில் சிலவற்றை அதுவே சுட்டிக்காட்டும்.

விஷுவல் ஸ்டூடியோவில் எழுதுபவர்களுக்கு முதல் வரியிலேயே ஒரு தடை வரும். கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் பாதுகாப்பற்றது என்று சி4996 என்ற எண்ணுடன் செய்தி வந்து, எஃப்ஓப்பன்-எஸ் என்ற வேறொரு செயற்கூறைப் பரிந்துரைக்கும். பெயரை மட்டும் மாற்றிப் பார்க்காதீர்கள். புதிய செயற்கூறு வாங்கும் மதிப்புகளும் திருப்பித் தரும் மதிப்பும் வேறானவை என்பதால் பிழைகள் கூடவே செய்யும். எச்சரிக்கையை அணைப்பதற்கான பெயர் அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. அதை நிரலின் முதல் வரியில், தலைப்புக் கோப்புகளுக்கும் மேலே, டிஃபைன் செய்துவிட்டால் எஃப்ஓப்பனையே தொடர்ந்து பயன்படுத்தலாம்.

உங்கள் ஆய்வகத்தில் இன்னும் டர்போ சி இருந்தால், கோப்பின் பெயர் 8 எழுத்துகளுக்கும், புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டு 3 எழுத்துகளுக்கும் மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் திறக்கப்போகும் கோப்பில் இழக்கக் கூடாத எதுவும் இருந்தால், நிரலை முதன்முறை ஓட்டும் முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வேறொரு கோப்புறையில் வையுங்கள். இந்த வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

2. எதற்காகத் திறக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்தல்

எஃப்ஓப்பன் இரண்டு சரங்களை (ஸ்டிரிங்) கேட்கும். முதலாவது கோப்பின் பாதை; இரண்டாவது, எந்த முறையில் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஓர் எழுத்து அல்லது இரண்டு மூன்று எழுத்துகள். என் நான்கு நாள்களைத் தின்றது இந்த இரண்டாவது சரம் என்பதால், இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள்.

'ஆர்' என்றால் படிப்பதற்கு மட்டும். கோப்பு ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் திறப்பு தோற்றுவிடும். உள்ளிருப்பதற்கு எந்த ஆபத்தும் இல்லை.

'டபிள்யூ' என்றால் எழுதுவதற்கு. கோப்பு இல்லையென்றால் புதிதாக உருவாகும். இருந்தால், அதில் உள்ளவை அனைத்தும் அழிக்கப்பட்டு நீளம் பூஜ்யமாகிவிடும். நீங்கள் எழுதும்போது அழியவில்லை, திறந்த அந்த நொடியிலேயே அழிகிறது என்பதை நன்றாகக் கவனியுங்கள். திறந்துவிட்டு ஓர் எழுத்துக்கூட எழுதாமல் மூடினாலும் பழையவை திரும்பி வாரா. கடையில் நடந்ததும் இதுதான்: மறுநாள் காலை யாரும் எதையும் எழுதும் முன்பே, நிரல் தொடங்கிய உடனே கணக்கு போய்விட்டது.

'ஏ' என்றால் கடைசியில் சேர்ப்பதற்கு. கோப்பு இல்லையென்றால் உருவாகும். இருந்தால் பழையவை அப்படியே இருக்க, புதியவை இறுதியில் சேரும். எஃப்சீக் கொண்டு வேறு இடத்துக்கு நகர்ந்தாலும் எழுத்து கடைசியில்தான் போய் விழும் என்பதால், கணக்கு, வருகைப் பதிவு, நிகழ்வுக் குறிப்பு போன்ற நாளுக்கு நாள் வளரும் கோப்புகளுக்கு இதுவே பாதுகாப்பானது. நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய எழுத்து இதுதான்.

இம்மூன்றுடனும் கூட்டல் குறி சேர்த்தால் படிக்கவும் எழுதவும் முடியும். ஆனால் கூட்டல் குறி அடிப்படைக் குணத்தை மாற்றாது: 'ஆர்+' கோப்பு இருக்க வேண்டும் என்று கேட்கும், உள்ளதை அழிக்காது, 'டபிள்யூ+' படிக்கவும் அனுமதிக்கும் என்றாலும் திறந்தவுடன் அழித்துவிடும். படிக்கவும் எழுதவும் வேண்டுமே என்று எண்ணிப் புதியவர்கள் பலர் 'டபிள்யூ+' போட்டு, படிப்பதற்கு எதுவுமே இல்லாமல் திகைக்கிறார்கள்.

கோப்பு புதிதாகத்தான் உருவாக வேண்டும், ஏற்கெனவே இருந்தால் தொடவே கூடாது என்ற நிலையில் 'டபிள்யூஎக்ஸ்' என்று கொடுங்கள். இந்த 'எக்ஸ்' 2011ஆம் ஆண்டின் சி தரநிலையில் சேர்க்கப்பட்டது. கோப்பு இருந்தால் அழிப்பதற்குப் பதிலாகத் திறப்பே தோற்றுப்போகும்.

படம், ஒலி போன்ற இரும வடிவக் கோப்புகளுக்கு 'பி' சேர்க்க வேண்டும். லினக்ஸில் இதனால் எந்த வேறுபாடும் இல்லை. விண்டோஸிலோ 'பி' இல்லாமல் திறந்தால் வரி முடிவுக் குறி ஒரு பைட்டிலிருந்து இரண்டு பைட்டாக மாற்றி எழுதப்படும். படிக்கும்போது 26 என்ற மதிப்புள்ள பைட் எதிர்ப்பட்டால் கோப்பு அங்கேயே முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும். ஒரு படத்தை நகலெடுத்து, நகல் பாதியில் நின்றிருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

3. பாதையைச் சரியாக எழுதுதல்

விண்டோஸ் பாதைகளில் வரும் பின்சாய்கோட்டுக்குச் சி மொழிச் சரங்களில் தனிப் பொருள் உண்டு. பின்சாய்கோட்டை அடுத்து 'என்' வந்தால் அது புதிய வரி. 'டி' வந்தால் அது டேப். எனவே 'நியூ' என்று தொடங்கும் கோப்புறையைப் பாதையில் எழுதினால், பாதையின் நடுவே ஒரு வரி முறிந்துவிடும். ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டிப்பாக எழுதுங்கள், அல்லது முன்சாய்கோட்டையே போடுங்கள். விண்டோஸும் அதை ஏற்றுக்கொள்ளும்.

பாதையே இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் ஓடும் கோப்புறையில் அது தேடப்படும். அது உங்கள் மூல நிரல் இருக்கும் கோப்புறையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடிட்டருக்குள்ளிருந்து ஓட்டும்போது ஓரிடமும், கட்டளைச் சாளரத்திலிருந்து ஓட்டும்போது வேறிடமும் அமையலாம். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, நிரலோ இல்லை என்கிறது என்றால், பெரும்பாலும் இதுதான் காரணம். 'டபிள்யூ' முறையில் ஒரு புதிய பெயரைக் கொடுத்து, அந்தக் கோப்பு எங்கே உருவாகிறது என்று தேடிப் பாருங்கள். நிரல் எங்கே நின்று ஓடுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்துவைப்பதால், நீங்கள் 'டிஎக்ஸ்டி' என்று தட்டச்சு செய்து சேமித்த கோப்பின் உண்மையான பெயரில் அது இரண்டு முறை இருக்கக்கூடும். பின்னொட்டுகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டுப் பாருங்கள். கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பதையும் விண்டோஸில் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் எஃப்ஓப்பன் வழக்கமாக அங்கே தமிழ்ப் பெயரைப் புரிந்துகொள்வதில்லை. லினக்ஸில் இந்தச் சிக்கல் இல்லை.

4. திறந்ததா என்று பார்த்தல்

எஃப்ஓப்பன் வெற்றி பெற்றால் ஃபைல் வகைப் பாயிண்டர் ஒன்றைத் திருப்பித் தரும், தோற்றால் நல், அதாவது எதையும் சுட்டாத வெற்று மதிப்பு. இந்த மதிப்பைச் சரிபார்க்காமல் அடுத்த வரிக்குப் போனால், இல்லாத கோப்பிலிருந்து படிக்க முயன்று நிரல் பாதியிலேயே விழுந்துவிடும்.

சரிபார்ப்பதோடு நிறுத்தாமல் காரணத்தையும் அச்சிடுங்கள். "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று மட்டும் எழுதிவைத்தால், அதைப் பார்க்கும் மனிதரால் அடுத்து என்ன செய்வது என்று முடிவுசெய்ய இயலாது. பிஎரர் என்ற செயற்கூறுக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது பெயரையும் காரணத்தையும் சேர்த்துக் காட்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் உள்ளே ஒரு பிழை எண் உண்டு. லினக்ஸில் அந்த எண் 2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 24 என்றால் அளவுக்கு மீறிக் கோப்புகளைத் திறந்துவைத்திருக்கிறீர்கள். முதலாவதற்குப் பாதையைத் திருத்த வேண்டும், இரண்டாவதற்கு உரிமைகளை மாற்ற வேண்டும், மூன்றாவதற்கு எங்கோ மூட மறந்ததைத் தேட வேண்டும். திறப்பு தோற்றவுடன் வேறு எந்தச் செயற்கூறையும் அழைக்காமல் முதலில் பிஎரரை அழையுங்கள், இல்லாவிட்டால் இடையில் வந்த அழைப்பு காரணத்தை மாற்றிவிடலாம்.

லினக்ஸில் ஒரு கோப்புறையையே 'ஆர்' முறையில் திறந்தாலும் திறப்பு வெற்றி பெற்றதாகவே தெரியும். படிக்கப்போகும்போதுதான் பிழை வரும். கோப்பின் பெயரைப் பயனரிடம் கேட்டு வாங்கும் நிரல் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

5. படித்தல்

வரி வரியாகப் படிக்க எஃப்கெட்ஸைப் பயன்படுத்துங்கள். படித்ததை வைக்கும் அணியின் (அரே) அளவு 256 என்றால் அது அதிகபட்சம் 255 பைட்டுகளைப் படித்து, இறுதியில் பூஜ்ய பைட்டை வைக்கும். வரி முடிவுக் குறியையும் சேர்த்தே தரும் என்பதால், படித்த பெயரை வேறொரு பெயரோடு ஒப்பிடும் முன் அந்தக் குறியை நீக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் ஒப்பீட்டில் பொருந்தாமல் போனால் வேறெங்கும் தேடாதீர்கள்.

முடிவைக் கண்டறிவதில்தான் மிகப் பெரிய பொறி இருக்கிறது. கோப்பு முடியும்வரை சுற்று என்ற எண்ணத்தில், எஃப்ஈஓஎஃப் செயற்கூறை மடக்கின் (லூப்) நிபந்தனையாக வைத்து எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எஃப்ஈஓஎஃப் வருவதை முன்கூட்டிச் சொல்லாது. ஒரு முறை படிக்க முயன்று, எதுவும் கிடைக்காமல் திரும்பிய பிறகே உண்மை என்று சொல்லும். ஆகவே கடைசி வரி இரண்டு முறை செயலாக்கப்படும். பற்றுக் கணக்கில் கடைசி வாடிக்கையாளரின் தொகை இரண்டு முறை கூட்டப்பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். படிக்கும் செயற்கூறின் விடையையே நிபந்தனையாக வையுங்கள்: எஃப்கெட்ஸ் நல் தரும்வரை சுற்ற வேண்டும், குறித்த வடிவில் மதிப்புகளைப் படிக்கும் எஃப்ஸ்கேன்எஃப் என்றால், நீங்கள் கேட்ட எண்ணிக்கையிலான மதிப்புகளைத் தரும்வரை சுற்ற வேண்டும். மடக்கு முடிந்த பிறகு, அது கோப்பு தீர்ந்ததால் முடிந்ததா, பிழையால் முடிந்ததா என்று பிரித்தறிவதற்குத்தான் எஃப்ஈஓஎஃப் இருக்கிறது.

ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் எஃப்கெட்சி தரும் மதிப்பைக் கேரக்டர் வகை மாறியில் வாங்காதீர்கள். இன்ட் வகை மாறியில் வாங்குங்கள். அது 0 முதல் 255 வரையிலான பைட் மதிப்புகளோடு கோப்பு முடிந்ததைக் குறிக்கும் ஈஓஎஃப் என்ற எதிர்ம எண்ணையும் தர வேண்டியிருப்பதால், ஒரு பைட் இடம் அதற்குப் போதாது. கேரக்டர் மாறியில் வாங்கினால் சாதாரணக் கணினியில் 255 என்ற பைட் வந்ததுமே படிப்பு நின்றுவிடும். ராஸ்பெர்ரி பையில் லினக்ஸ் வைத்து ஓட்டினாலோ மடக்கு முடியவே முடியாது.

தமிழ் எழுதிய கோப்பைப் படிப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆகவே 'தமிழ்' என்ற மூன்று எழுத்துச் சொல்லுக்கு 15 பைட் வேண்டும். 'முத்துலட்சுமி' என்ற பெயருக்கு 39 பைட்டும், இறுதியில் பூஜ்ய பைட்டுக்கு ஒன்றும் வேண்டும். பெயருக்கு 20 போதும் என்று அணியை அமைத்தால் பெயர் நடுவில் வெட்டுப்பட்டு, கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் தெரியும். எஃப்ஸ்கேன்எஃப் கொண்டு அகல வரம்பு சொல்லாமல் படித்திருந்தால் வெட்டுக்கூடப் படாமல் அணியைத் தாண்டி வழிந்து, அருகிலுள்ள மாறிகளையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது, நோட்பேடில் சேமித்த சில கோப்புகளின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். முதல் வரி மட்டும் எதனோடும் பொருந்தாமல் போனால் அவற்றைத் தேடிப் பார்த்துத் தாண்டிச் செல்லுங்கள். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாக இவை இல்லாமலேயே சேமிக்கிறது.

6. எழுதுதலும் திருத்துதலும்

புதிய வரியைச் சேர்ப்பது எளிது: 'ஏ' முறையில் திறந்து எஃப்பிரிண்ட்எஃப் கொண்டு எழுதினால் முடிந்தது. இருக்கும் வரியைத் திருத்துவதுதான் கடினம். கோப்பின் நடுவே எதையும் செருகவோ நீக்கவோ சி மொழியில் வழி இல்லை. இருக்கும் பைட்டுகளின் மேல் வேறு பைட்டுகளை எழுத மட்டுமே முடியும். ஒருவர் பற்று 1500 ரூபாயிலிருந்து 900 ரூபாயாகக் குறைந்தது என்று 'ஆர்+' முறையில் திறந்து அந்த இடத்தில் 900 என்று எழுதினேன். பழைய எண்ணின் கடைசிப் பூஜ்யம் அப்படியே நின்றதால் கோப்பில் 9000 என்று ஆகிவிட்டது. கடன் அடைத்தவர் பெயரில் ஆறு மடங்கு கடன் ஏறி நின்றதை நல்லவேளையாக மாமா கவனித்தார்.

'ஆர்+' முறையில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. படித்துவிட்டு எழுதத் தொடங்கும் முன் எஃப்சீக் அழைக்க வேண்டும். எழுதிவிட்டுப் படிக்கத் தொடங்கும் முன் எஃப்சீக் அல்லது, எழுதியதை வெளியே தள்ளும் எஃப்ஃபிளஷ் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி உறுதி தருவதில்லை. ஒரு கணினியில் சரியாக ஓடிய நிரல் இன்னொன்றில் கோப்பைக் குலைத்துவிடும்.

ஆகவே, சிறிய கோப்புகளுக்கு நான் பரிந்துரைப்பது வேறு வழி. பழைய கோப்பை 'ஆர்' முறையில் திறந்து படித்துக்கொண்டே, திருத்தத்தோடு ஒரு தற்காலிகக் கோப்பில் எல்லா வரிகளையும் எழுதுங்கள். இரண்டையும் மூடி, எழுதியது பிழையின்றி முடிந்ததை உறுதிசெய்துகொண்ட பின்னரே ரீநேம் கொண்டு தற்காலிகக் கோப்புக்குப் பழைய பெயரை வையுங்கள். லினக்ஸில் இது பழையதை ஒரே அடியில் மாற்றிவிடும். விண்டோஸில் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் ரீநேம் தோற்கும். எனவே பழையதற்கு முதலில் வேறு பெயர் வைத்துவிட்டு, பிறகு புதியதற்குப் பெயர் மாற்றுங்கள். முந்தைய நாள் கணக்கு ஒன்று கையில் இருப்பது கடைக்கும் நல்லதுதான்.

7. எப்போது எழுதப்படுகிறது, எப்போது மூடுவது

எஃப்பிரிண்ட்எஃப் திரும்பி வந்துவிட்டது என்பதால் எழுத்து வட்டுக்குப் போய்விட்டது என்று கொள்ளாதீர்கள். அது முதலில் நிரலின் நினைவகத்திலுள்ள பஃபர் என்ற தற்காலிக இடத்தில் சேர்கிறது. லினக்ஸில் அது பெரும்பாலும் 4096 பைட். அது நிரம்பும்போதோ, நீங்கள் எஃப்ஃபிளஷ் அழைக்கும்போதோ, கோப்பை மூடும்போதோதான் இயக்க முறைமைக்குப் போகும். இயக்க முறைமையும் உடனே வட்டில் எழுதுவதில்லை. லினக்ஸில் இயல்பான அமைப்பில் சுமார் 30 நொடிவரை தன்னிடம் வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டால்தான் வேகம் கிடைக்கிறது, ஆனால் இடையில் நிரல் விழுந்தால் பஃபரில் இருந்தது போகும். மின்சாரம் நின்றால் இயக்க முறைமையிடம் இருந்ததும் சேர்ந்து போகும்.

அதனால் இழப்பின் விலையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே ஓட்டத்தில் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் எஃப்ஃபிளஷ் வைத்தால் நிரல் வெகுவாக மெதுவாகும். கடையில் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பதிவு வரும் இடத்தில், ஒவ்வொரு பதிவுக்கும் கோப்பைத் திறந்து, எழுதி, உடனே மூடிவிடுவதே சரி. மின்தடையையும் தாங்க வேண்டும் என்றால், லினக்ஸில் எஃப்ஃபிளஷுக்குப் பிறகு எஃப்சிங்க் என்பதையும் அழைக்க வேண்டும்.

எஃப்குளோஸ் பூஜ்யம் தந்தால்தான் எழுத்து முழுமையாக இயக்க முறைமைக்குப் போனது என்று பொருள். கடைசிப் பஃபர் அப்போதுதான் வெளியேறுகிறது என்பதால், வட்டு நிறைந்திருப்பது போன்ற பிழைகள் அந்த இடத்தில்தான் வெளிப்படும். அந்த விடையைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே; நீங்கள் பாருங்கள்.

திறப்பு தோற்று நல் கிடைத்த கோப்பை மூட முயலாதீர்கள். ஒரு முறை மூடியதை மறுபடி மூடவும் கூடாது. செயற்கூறின் நடுவே பிழை கண்டு முன்கூட்டியே திரும்பும் வழிகளில் மூடுவதை மறப்பது மிக எளிது. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024. அதில் மூன்று தொடக்கத்திலேயே பிடிக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் இயல்பான வரம்பு 512. மடக்குக்குள் திறந்து மூட மறந்த நிரல், சோதனையில் நன்றாக ஓடி, பல மணி நேரம் கழித்தே இந்த வரம்பில் முட்டி நிற்கும்.

8. பிறர் கையில் கொடுக்கும் முன் சோதித்தல்

கோப்பே இல்லாமல் ஒரு முறை, வெறும் கோப்போடு ஒரு முறை, கடைசி வரியில் வரி முடிவுக் குறி இல்லாத கோப்போடு ஒரு முறை, எழுத அனுமதி இல்லாத கோப்போடு ஒரு முறை என்று நிரலை ஓட்டுங்கள். பிறகு நிரலை இரண்டு முறை அடுத்தடுத்து ஓட்டி, முதல் ஓட்டத்தில் எழுதியது இரண்டாவதற்குப் பிறகும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் செய்யாமல் விட்டது இந்தச் சோதனைதான். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கடைசியாக ஒன்று செய்யலாம். '/டெவ்/ஃபுல்' என்ற ஒரு சிறப்புக் கோப்பு இருக்கிறது. அது எப்போதும் நிறைந்துபோன வட்டைப் போல நடந்துகொள்ளும். உங்கள் நிரலிடம் கணக்குக் கோப்பின் பெயருக்குப் பதிலாக அதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் கொடுத்து, ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திறப்பு வெற்றி பெறும், எஃப்பிரிண்ட்எஃப்பும் வெற்றி பெற்றதாகவே சொல்லும். மூடும்போது இடம் இல்லை என்ற பிழையை உங்கள் நிரல் காட்டினால் சரியாக எழுதியிருக்கிறீர்கள். எதுவும் சொல்லாமல் முடிந்துவிட்டால் 7ஆம் படிக்குத் திரும்பி, எஃப்குளோஸ் தரும் விடையைச் சரிபார்க்கும் வரியைச் சேருங்கள்.